சங்கு ஊதினால் மயக்கம்

ஈசிஜி மெஷின் தாளின் தலையில் 'நார்மல்' என்று அச்சடித்துவிட்டால் பேனாவை மூடிவிட்டு டீக்குக் கிளம்பும் புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, கொஞ்சம் உட்காருங்கள். ஓய்வு பெற்றவள் வாயைத் திறந்தாலே உங்களுக்குள் கண்ஜாடை ஆரம்பித்துவிடும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் என் சாமர்த்தியத்தைச் சொல்ல நான் வரவில்லை. நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அதனால் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் உயிர் போகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. தஞ்சாவூர்ப் பக்கம் ஆறு வருடம் ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் இருந்த என் வீட்டுக்காரருக்கு மாற்றலானதும் ராயபுரத்துக்குக் குடிவந்து, அங்கே ஒரு தரும ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து மேசையில் படியும், மூடினால் புழுங்கும். காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வருகிறவர்கள் வெளியே கூடையை வைத்துவிட்டு உள்ளே வந்து நெஞ்சைக் காட்டுவார்கள். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் நான் 'ஈசிஜிம்மா'தான். ஓய்வு பெற்றபின் அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் எத்தனை நாள் தவித்தேன் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

அந்தக் காலத்து மெஷினை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது போலப் பன்னிரண்டு கோடும் ஒரே மூச்சில் வராது. திருகைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சூடான ஊசி மெழுகுத் தாளில் கோடு இழுக்கும்போது ஒரு வாசனை வரும். இன்றைக்கும் யாராவது மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிடுகிறது. எடுத்த நீளத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டித் தருவது என் வேலை. அதில் எனக்கு அசாத்தியக் கர்வம். கோணல் இருக்காது, பசை வழியாது. ஊசி ஆடிப்போன இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பார்க்க லட்சணமான துண்டுகளை மட்டும் ஒட்டுவேன். "உங்க ஈசிஜி கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா" என்பார் எங்கள் பெரிய டாக்டர். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாது.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு நாள் முற்பகல், திருவொற்றியூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அம்மா கன்னியம்மா, மகள் அமுலு. அமுலு துணி தைக்கும் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தலை நிறையக் கனகாம்பரம், வாய் நிறையச் சிரிப்பு. எதற்கு ஈசிஜி என்று கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னாள்.

"இன்னாத்த சொல்றது யம்மா, ரெண்டு வருசமா இதே பேஜாரு. அவுங்கப்பா சங்கு ஊதுனா போதும், இது பொத்துனு வுழுந்துடுது. கொஞ்ச நேரம் பொணம் மாரி கெடக்குது. அப்பாலிக்கா தானா எய்ந்து குந்திக்குது. வலிப்புனு சொல்லி மாத்திரை குட்த்தாங்கோ. துன்னுகினுதான் கீது, ஒண்ணும் கேக்கல."

"அப்பா சங்கு ஊதுறவரா?"

"ஆமாம்மா, பத்தொம்போது வருசமா ஊதிகினு கீறாரு."

எங்கள் ஊரில் சங்கு என்றால் இரண்டுதான். ஒன்று பூஜைக்கு, இன்னொன்று சாவுக்கு. ஒருவன் கதை முடிந்தது என்பதையே 'சங்கு ஊதியாச்சு' என்றுதானே சொல்கிறோம்? கன்னியம்மாவின் சாயம்போன புடவையைப் பார்த்தேன், பேச்சைக் கேட்டேன், பூஜைச் சங்கு இல்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சாவு வீட்டில் சங்கு ஊதுகிறவரை எங்கள் ஊரில் தெருக்கோடியில் நிறுத்துவார்கள். அந்த ஊர்க்காரிதானே நானும். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. சீட்டை எடுத்து என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'சாவுச் சங்கு கேட்டால் மயக்கம். பயம். தகப்பனார் தொழில் சங்கு ஊதுதல்.'

அமுலுவைப் படுக்கவைத்து எடுக்க ஆரம்பித்தேன். பாதி எடுத்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒர்க் ஷாப்பில் பன்னிரண்டு மணிச் சைரன் அலறியது. பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊசி தறிகெட்டு ஆடியது. மேலும் கீழுமாகக் கோடு முறுக்கிக்கொண்டு ஓடியது. அவள் கண் ஒரு தரம் சொருகிற்று. நான் கையைப் பிடிப்பதற்குள் எல்லாம் அடங்கி, கோடு பழையபடி ஒழுங்காக ஓடியது. "ஒண்ணுமில்லக்கா, லேசா கிர்ருனு வந்துச்சு" என்று சிரித்தாள்.

நான் என்ன செய்தேன்? "அசையாமப் படும்மா, தாள் வீணாப் போகுது பாரு" என்று அதட்டினேன். அந்தத் துண்டைக் கிழித்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். மறுபடி எடுத்து லட்சணமாக ஒட்டி அனுப்பினேன். சங்கு சங்கு என்று அவள் அம்மா சொன்னதும் இந்தச் சைரனும் ஒன்றுதான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. என் வீட்டுக்காரர் 'சைரன்' என்பார், நானும் 'சைரன்' என்பேன். சங்கு வேறு, சைரன் வேறு என்றே இருந்தேன்.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு வெளியே நூறு பேர் நின்றார்கள். என் சீட்டைப் படித்தார், என் அழகான அட்டையைப் பார்த்தார், "பயந்த சுபாவம்" என்று சொல்லி மாடியில் இருந்த மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டர் இருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். அம்மாவும் மகளும் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் நாலரைக்கு எங்கோ தூரத்தில் மறுபடி சைரன் கேட்டது. வார்டு ஆயா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "சங்கு ஊதிட்டான், கெளம்பு ஈசிஜிம்மா" என்றாள்.

நான் பதறிப்போய், "ஐயையோ, யாரு போயிட்டாங்க?" என்றேன்.

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அய்ய! இன்னாம்மா நீ? எவனும் பூடல. கம்பெனி சங்குமா இது! ஷிப்ட் வுட்டா ஊதுவானே! இத்தினி நாளா இங்க குப்ப கொட்டிகினு கீற, சங்கு தெரிலன்ற!" என்று சிரித்தவள், வராந்தாவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடி கன்னியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அப்பா சங்கு ஊதுகிறார். சங்கு ஊதினால் மகள் விழுகிறாள். பன்னிரண்டு மணிக்குச் சைரன் அலறியபோது அவள் கண் சொருகியதை நானே பார்த்தேன். ஊசி ஆடியது அவள் அசைந்ததால்தானா?

ஓடினேன். என் அறைக் குப்பைக்கூடை காலி. மத்தியானமே பின்கட்டில் கொட்டியாயிற்று. அங்கே பஞ்சும் கட்டுத்துணியுமாகக் கிடந்த குவியலை நான் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தபோது, எங்கள் சின்ன டாக்டரம்மா அந்த வழியாக வந்தார். படிப்பை முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார் என்பதால் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

துண்டு கிடைத்தது. ஓரமெல்லாம் நெஞ்சில் தடவும் ஜெல்லியின் கறை. அதைத் தடவித் தடவி நீட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "அவ அசையல. இது இதயமே தடுமாறியிருக்கு" என்றார். பிறகு நான் ஒட்டியிருந்த அட்டையை எடுத்துவரச் சொல்லி, கட்டம் கட்டமாக எண்ணினார். ஒவ்வொரு துடிப்பும் முடிவதற்கு எடுத்துக்கொண்ட நேரம், முடிய வேண்டியதைவிட நீளமாக இருந்தது. லட்சணமான அந்தத் துண்டுகளிலும் விஷயம் இருக்கத்தான் செய்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"டாக்டரம்மா, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றேன். எனக்குக் கோடு எடுக்கத் தெரியும், கோடு எதனால் வருகிறது என்று ஆறு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இதயத்துல ஒவ்வொரு செல்லோட சுவர்லயும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல் இருக்கு. சோடியம் வாசல் திறந்து சோடியம் உள்ள பாஞ்சா மின்சாரம் கிளம்பும். அடுத்து கால்சியம் உள்ள வரும், தசை சுருங்கும். அதுக்கப்புறம் பொட்டாசியம் வாசல் திறந்து பொட்டாசியம் வெளிய போனாத்தான் செல் பழைய நிலைக்கு வரும். அப்பதான் அடுத்த துடிப்புக்குத் தயாரா இருக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல நிக்கிறோமில்ல? ஜனம் தண்டவாளத்தத் தாண்டி முடிச்சாத்தான் அடுத்த ரயில விடலாம். இந்தப் பொண்ணுக்குப் பொட்டாசியம் வாசல் பொறவியிலேயே மந்தம். தண்டவாளம் காலியாக நேரமாகுது. அந்த நேரம் பாத்து திடீர்னு ஒரு சத்தம் கேட்டு நெஞ்சு பதறினா, காலியாகறதுக்குள்ள அடுத்த ரயில் வந்துடும். அப்புறம் இதயம் துடிக்காது, சும்மா நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது. விழுந்துடுவா. இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் தானா சரியாயிடுச்சு. ஒரு தடவ ஆகாமப் போனா…"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "மேல என்ன மருந்து குடுத்தாங்க?" என்று கேட்டார். மாத்திரைச் சீட்டின் நகலை வாங்கி இரண்டு தரம் படித்தார். அந்த மாத்திரை மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அது இதே பொட்டாசியம் வாசலைத்தான் கொஞ்சம் அடைக்குமாம். ஏற்கெனவே மந்தமான வாசல். ராத்திரி மாத்திரை உள்ளே போய், விடிந்ததும் அப்பா சங்கு ஊதினால்?

சீட்டில் 'பயம்' என்று எழுதியவள் நான். என் கையெழுத்தை நம்பித்தான் பெரிய டாக்டர் மேலே அனுப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்ப அழுதுக்கிட்டு நிக்காதீங்க, விலாசம் எடுங்க" என்றார் டாக்டரம்மா.

செல்போன் கிடையாது. சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ஏகாம்பரம் மகள், கம்பெனி பின்சுவர், திருவொற்றியூர். ஆட்டோ பிடித்தோம். அந்த நெடுஞ்சாலையை அன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் அசையாமல் நிற்கும். டிரைவர்கள் சாலையோரம் அடுப்பு மூட்டிச் சோறே பொங்குவார்கள். ஆட்டோக்காரர், "இன்னிக்கு நவுராதும்மா, எறங்கி நடங்க" என்று சொல்லிவிட்டார். நடந்தோம். டாக்டரம்மா ஏறக்குறைய ஓடினார். என் செருப்பு அறுந்தது, அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டுவிட்டிருந்தால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

நாங்கள் வீட்டைக் கண்டுபிடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். கம்பெனிச் சுவரை ஒட்டி வரிசை வீடுகள். அதில் மூன்றாவது. சுவருக்கு மேலே, வீட்டுக்கு நேர் உச்சியில், சங்கின் வாய் தெரிந்தது. வாசலில் அமுலு குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அய், ஈசிஜி அக்கா!" என்றாள்.

"மாத்திரை போட்டியா?" என்று மூச்சிரைக்க நான் கேட்டதும் உள்ளேயிருந்து கன்னியம்மா வந்தாள். மத்தியானம் பார்த்த கன்னியம்மா இல்லை. முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"இன்னா மாத்திரை? பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரைதான அது? எல்லாம் பக்கத்து வூட்டு டெய்லர் படிச்சு சொல்ட்டாரு. எம்பொண்ணு இன்னா லூசா? தோ, அந்தக் கலீஜ் சாக்கடைல வீசிட்டேன். ஓணும்னா நீயே பொறுக்கினு போ!"

நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். சண்டைக்கு நின்றவள் திகைத்துப் போனாள். "இன்னாடா இது, திட்டுனது நானு, இது ஏன் அய்வுது?" என்று மகளைப் பார்த்தாள். டாக்டரம்மா என்றைக்கும் சிரிக்காதவர், அன்றைக்குச் சிரித்தார். ஊரிலிருக்கிற படித்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்தப் பெண்ணுக்கு எமனை வரவழைத்தோம். தன் மகளைப் பைத்தியம் என்று சொன்னதைப் பொறுக்காத ஒரு தாயின் ரோஷம் அவனைச் சாக்கடையில் தள்ளிவிட்டது.

அதற்குள் ஏகாம்பரம் வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, சட்டைப் பையில் சங்கிலி கோத்த கடிகாரம். டாக்டரம்மா அவரை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். இது வலிப்பு இல்லை, பயமும் இல்லை, பிறவியிலேயே இதயத்தின் மின்சாரத்தில் உள்ள ஒரு குறை, திடீர்ச் சத்தம் ஆகாது. ஏகாம்பரம் தலையைத் தூக்கிச் சுவருக்கு மேலே பார்த்தார்.

"அப்ப நான்தான் எம்பொண்ண தள்ளிவுட்டுகினு இருந்தேனா?"

"இல்லய்யா. குறை பொறவியில வந்தது. சத்தம் யார் போட்டாலும் இதுதான் நடக்கும்."

"ஒரு நாள் லேட்டா ஊதுனதில்லம்மா நான். என் சங்க வச்சிதான் இந்த ஏரியாவே கடியாரத்த திருப்பும்." பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மகள் மீன் கையோடு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வுடு நைனா, எனக்கு இன்னா ஆயிடுச்சு இப்ப?" என்றாள்.

அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து சேர்த்தோம். பெரிய டாக்டரிடம் நானே போய், கிழித்து எறிந்த துண்டையும் நீட்டி, நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் அட்டையை எடுத்துக் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்த்துவிட்டு, "நானும் எண்ணலையேம்மா" என்றார். மனநல டாக்டரும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நெஞ்சுப் படபடப்பை அடக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். வாழைப்பழம், இளநீர், கீரை என்று பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எந்தெந்த மருந்து ஆகாது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்து, அதைத் தாலி மாதிரி கூடவே வைத்திரு என்றார் டாக்டரம்மா. "இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள பட்டியலா?" என்று அமுலு கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. வீட்டை மாற்றச் சொன்னோம். "எந்தம்பி வூடு கொருக்குப்பேட்டைல கீது" என்றாள் கன்னியம்மா. அங்கே தண்டவாளத்து ஓரம் நாளெல்லாம் ரயில் ஊதும், அது கூடவே கூடாது என்று டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் எண்ணூர்ப் பக்கம் கன்னியம்மாவின் பிறந்த குப்பத்துக்குப் போனார்கள். கடல் சத்தம் ஓயாது, ஆனால் திடுக்கிட வைக்காது. அதன்பிறகு அவள் விழவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் என்னிடமே ஈசிஜி எடுக்க வந்தாள். அதை நான் மூன்று தடவை எண்ணினேன்.

இங்கேயே நிறுத்தினால் எனக்கும் நல்ல பெயர், உங்களுக்கும் ஒரு நல்ல கதை. ஆனால் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது.

அமுலுவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஏகாம்பரம் பெட்டி படுக்கையை எடுத்துப்போக வந்திருந்தார். என் அறை வாசலில் நின்று, "நல்லது பண்ணிட்டம்மா, நல்லா இருப்ப" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குச் செரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சீட்டில் நான் எழுதியதைச் சொல்லிவிட்டேன். "சங்கு ஊதுறவர்னு உங்க வீட்டம்மா சொன்னதும் நான் சாவுக்குச் சங்கு ஊதுறவர்னு நெனச்சுட்டேங்க. அதனாலதான் இவ்வளவு குழப்பமும். தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரித்துவிட்டுப் போவார் என்றும் ஒரு நப்பாசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

"செரி, நான் சாவுக்கே ஊதுறவன்னு வச்சிக்கோ. அவம்பொண்ணு வுழுந்தா, இன்னா ஏதுன்னு கேக்க மாட்டியாம்மா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, மேசையில் படிந்திருந்த நிலக்கரித் தூளைத் துடைத்தேன். அவர் எழுந்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.